விட்டுப்போன பனிக்கால அத்தியாயம்

ஜஸ்டஸ் சார் செய்தது ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஒரு புத்தகத்தைத் தமிழில் எழுதும்போது ஓர் அத்தியாயத்தை விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆளைக் கொல்லவில்லை, யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. ஆனாலும் 1982-ஆம் வருஷத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும் இடம் வந்தால் அவர் மட்டும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் கிருபாபாய் பாட்டுப் புத்தகத்துக்கு மேலாகக் கணவரை ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை என்று இருக்கும் அவருக்கு.

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர், அதாவது விளையாட்டு வாத்தியார். அந்த வருஷம் டெல்லியில் ஆசிய விளையாட்டு நடக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் நாடு முழுக்க விளையாட்டுக் காய்ச்சல் பிடித்தது. சங்கரன்கோவிலில் அது ஒரு சங்கமாக வெளிப்பட்டது. 'தாலுகா ஒலிம்பிக் சங்கம்' என்று ஒரு போர்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, பதினோரு நாற்காலிகள். தலைவர் கோமதிநாயகம், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். முப்பது வருஷம் ஊரார் பத்திரங்களைப் பதிந்த கை அது. முத்திரை விழாத எதையும் நடந்ததாக அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பஸ் கிளம்பிவிட்டால்கூட, நிற்கும் என்ற நம்பிக்கையில் நடந்துதான் போவார். அதுவும் நிற்கும்.

மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைத்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அவர் ஜஸ்டஸ் சாரிடம் கொடுத்தார். கோடைகாலம், பனிக்காலம் இரண்டுக்கும் உலக நாடுகள் கூடி நடத்திய விளையாட்டுகளின் முழு வரலாறும் அதில் இருந்தது.

"இத அப்படியே தமிழ்ல எழுதிக் கொண்டாரும் வே. இதுல உள்ளதுதான் நம்ம சங்கத்துக்குச் சட்டம். நீருதான் செயலாளர். ஓட்டத்துல ஜெயிக்கிறவனையும் உம்மையும் சங்கச் செலவுல டெல்லிக்கு அனுப்புதோம்."

மதுரைக்கு வடக்கே ஒன்றும் பார்த்திராத ஜஸ்டஸ் சார், அன்றே இரண்டு குயர் நோட்டு வாங்கினார். எழுத எழுத அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. 1896-இல் ஏதென்ஸில் ஆரம்பித்தது, 1904-இல் ஒருவன் மாரத்தான் ஓட்டத்தில் பாதித் தூரம் மோட்டார் காரில் வந்துவிட்டு ஜெயித்ததாகக் கைகாட்டி மாட்டிக்கொண்டது, எல்லாம் எழுதினார். 1912-இல் இரண்டு தங்கப் பதக்கம் வாங்கிய ஓர் அமெரிக்கன், அதற்கு முன்னால் கோடைவிடுமுறையில் சில்லறைக் காசுக்குப் பந்து விளையாடினான் என்று சொல்லி இரண்டையும் திரும்பப் பிடுங்கிக்கொண்டதையும் எழுதினார். காசுக்கு விளையாடாதவன் அமெச்சூர், காசு வாங்கினவன் தொழில்காரன். தொழில்காரனுக்கு இடமில்லை. இதைக் கேட்டதும் தலைவர் முகம் மலர்ந்து சங்கத்துக்கு ஏழாம் விதி எழுதினார். தொழில்காரர் எவரும் சங்கத்தின் பந்தயத்தில் ஓடவோ, சங்கத்தில் பொறுப்பு வகிக்கவோ கூடாது.

அதற்கப்புறம்தான் பனிக்கால அத்தியாயம் வந்தது. 1936-இல் பனிச்சறுக்கு வாத்தியார்களைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். விளையாட்டைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவனும் தொழில்காரன்தான் என்பது காரணம். ஜஸ்டஸ் சார் பேனாவை மூடினார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து பார்த்தபோதும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணாச்சி, பனியில வெளையாடுதது பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு. நம்ம ஊருக்கு அது வேணுமா?"

"பனியா? சங்கரன்கோயில்லயா? மார்கழியிலயே இங்கன விசிறி வேணும். விட்டுத் தள்ளும் வே."

விட்டுத் தள்ளினார். தலைவரே சொல்லிவிட்டார், நாம் என்ன செய்ய என்று வழியெல்லாம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்தார்.

பந்தயம் ஆவணி மாதம், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வரை ரோட்டோரமாக ஓட வேண்டும். சடங்குகள் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். தீபத்தைச் சூரிய ஒளியில்தான் ஏற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால், தலைவர் பத்திரம் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பஞ்சுக்கு மேலே முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பற்றிக்கொண்ட தீபம் காற்றில் நாலு தடவை அணைந்தது. ஐந்தாவது தடவை அதை அரிக்கேன் விளக்குக்குள் வைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்கள். சமாதானப் புறாக்களுக்கு மைதீன் பாட்சா வீட்டு மாடப்புறாக்கள் வந்தன. பறக்கவிட்டதும் அவை நேரே வீட்டுக்குப் போய், தலைவர் வரவேற்புரையை முடிப்பதற்குள் இரையும் தின்றுவிட்டன. அணிவகுப்பில் கிரேக்க நாடுதான் முதலில் வரவேண்டும் என்பது விதி. அன்றைக்குக் கிரேக்கத்திலிருந்து யாரும் வராததால் முன்னால் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டு, அதற்குப் பின்னால் ராயகிரிக்காரர்கள் நடந்தார்கள்.

ஓட்டத்தில் ஜெயித்தவன் பெருமாள்சாமி. கரிவலம் பக்கம் ஆடு வைத்திருந்தவன், முப்பதை நெருங்குகிறவன். அந்த வருஷம் மழைக்குப் பின்னால் வந்த துள்ளுமாரி நோயில் பாதி ஆடு செத்துப்போய், மீதியை வைத்து நாலு வயிறு கழுவ முடியாமல் இருந்தான். வனத்துறையில் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வயது வரம்பு அந்த டிசம்பரோடு அவனுக்கு முடிகிறது. அதற்காகத்தான் வந்தான். வெறுங்காலோடு, கையில் ஆட்டுக் கம்போடு ஓடிவந்தான். கம்பு இல்லாவிட்டால் கை எதையோ தொலைத்த மாதிரி இருக்கிறது என்றான். ரிப்பன் கட்ட இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதே எல்லையைத் தாண்டிவிட்டதால், ரிப்பன் கட்டி முடித்தபிறகு அவனை ஒரு தடவை திரும்ப ஓடிவரச் சொன்னார்கள். அவனும் ஓடிவந்தான். அடுத்த ஆள், தபால்காரர் பீர் மைதீன், அதற்கப்புறம் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரிந்தார்.

ஜஸ்டஸ் சாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு ஓட்டத்தை அவர் இருபது வருஷ டிரில்லில் பார்த்ததில்லை. படிவத்தை எடுத்துத் தாமே எழுத உட்கார்ந்தார். பெயர், ஊர், வயது எல்லாம் ஆயிற்று. 'முந்தைய வெற்றிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"இதுக்கு முன்ன எங்கயாச்சும் ஜெயிச்சிருக்கியாப்பா?"

"இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லு. வெறும் கட்டமா அனுப்பினா நல்லா இருக்காது."

"அப்படி ஒண்ணும் இல்ல சார்."

"இவ்வளவு ஓடுதவன் எங்கயுமே ஓடாம இருந்திருப்பியா? நல்லா யோசி."

பெருமாள்சாமி கம்பைக் கை மாற்றிப் பிடித்தான். சாரின் முகத்தைப் பார்த்தான். "வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடையில பந்தயம் வச்சாவ, ஓடினேன்" என்றான்.

"என்ன குடுத்தாவ?"

"ஒரு ஆட்டுக்குட்டி."

ஜஸ்டஸ் சார் அழகான கையெழுத்தில் எழுதினார்: முதல் பரிசு, ஆட்டுக்குட்டி ஒன்று. எழுதிவிட்டு மை காயும்வரை ஊதினார்.

ஒரு வாரத்தில், பெருமாள்சாமி தொழில்காரனா என்று பார்க்க விசாரணைக் கமிஷன் கூடியது. கோவில் பக்கத்து ஹாலில் பதினோரு நாற்காலியும் நிறைந்திருந்தன. பெருமாள்சாமிக்கு நாற்காலி கிடையாது, விதிகளில் அதற்கு இடமில்லை. தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, வெளையாட்டு வெளையாட்டாத்தான் இருக்கணும். வயித்துக்காக ஓடுதவன் எப்படி ஓடுவான்? வேகமாத்தான் ஓடுவான். அது நியாயமா? வயித்துக்கு இருக்கவனையும் இல்லாதவனையும் ஒரே கோட்டுல நிறுத்தினா, இருக்கவனுக்கு அநியாயம் நடக்குல்லா. அந்த அநியாயத்தத் தடுக்கத்தான் வெள்ளக்காரன் இந்தச் சட்டத்தப் போட்டான்."

எல்லோரும் கை தட்டினார்கள். மரியாதைக்குப் பெருமாள்சாமியும் தட்டினான்.

"ஏலே பெருமாளு, போன சித்திரையில ராயகிரியில என் வயல்ல கிடை போட்டியா?"

"போட்டேன் மொதலாளி. பத்து நாளு ஆட்ட அடைச்சேன்."

"நெல்லு வாங்கினியா?"

"நீங்கதான் அளந்தீய."

"அதக் கேக்கல. வாங்கினியா?"

"வாங்கினேன்."

"ஆடு வரப்பத் தாண்டி ஓடினா நீ என்ன செய்வ?"

"நானும் பொறத்தால ஓடுவேன்."

"ஆக, ஓடினதுக்கு நெல்லு."

"இல்ல மொதலாளி. வயலுக்கு உரமாப் போட்ட ஆட்டுப் புழுக்கைக்கு."

"புழுக்கைய ஆடுல்லா போட்டது. நீ என்ன செஞ்ச? ஓடினே."

ஜஸ்டஸ் சார் மெதுவாக எழுந்து நின்றார். "அண்ணாச்சி, நெல்லக் குடுத்தது யாருன்னு..."

"குடுத்தவன் புரவலன் வே. வாங்கினவன்தான் தொழில்காரன். நீருதான எழுதினீரு, குடுத்தவனப் பத்தி அதுல ஒரு வார்த்தை இருக்கா?"

இல்லை. ஜஸ்டஸ் சார் உட்கார்ந்துவிட்டார். உறுப்பினர் ஒருவர், நெல் விஷயத்தில் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறதே, ஆடு ஓடாத நாளுக்கும் நெல் அளந்திருக்கிறீர்களே என்றார். அப்போதுதான் தலைவர் படிவத்தை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். முதல் பரிசு, ஆட்டுக்குட்டி ஒன்று. செயலாளரின் சொந்தக் கையெழுத்து.

"இது உண்மையாலே?"

பெருமாள்சாமி தலைவரைப் பார்க்கவில்லை, ஜஸ்டஸ் சாரைப் பார்த்தான். "சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

ஜஸ்டஸ் சாரின் மடியில் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. பனிக்கால அத்தியாயத்தில் விரல் வைத்திருந்தார். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும். கமிஷனைக் கூட்டிய செயலாளரே தொழில்காரர் என்று ஆகியிருக்கும், கமிஷன் செல்லாது, படிவம் செல்லாது, பந்தயத்தை மறுபடி நடத்தவேண்டி வந்திருக்கும். மறுபடி ஓடினாலும் பெருமாள்சாமிதான் ஜெயிப்பான். ஆனால் செயலாளர் வேறொருவராக இருப்பார், டெல்லிக்கும் அவர்தான் போவார். ஜஸ்டஸ் சார் விரலை எடுத்தார். புத்தகம் தானாகவே மூடிக்கொண்டது.

முதல் ஆளை நீக்கியதும் இரண்டாவது ஆளை விசாரித்தார்கள். பீர் மைதீன் தபால்காரர், நடப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர், அதனால் போனார். மூன்றாவது வந்த சுந்தரராஜ் ஹோட்டலில் மேசைக்கு மேசை ஓடிப் பரிமாறுகிறவர். அவரும் போனார். கொத்தனாரிடம் செங்கல் சுமப்பவர், பஸ் புறப்பட்டபிறகு ஓடி ஏறும் கண்டக்டர், குளத்தில் கொக்கு விரட்டும் காவல்காரர் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். மாலை நாலு மணிக்கு, ஓடிய நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்தான் மிஞ்சினார். தலைவரின் மைத்துனர் சங்கரசுப்பு.

அவருக்கு முப்பத்தைந்து வயது. பிறந்ததிலிருந்து எந்த வேலையும் செய்ததில்லை என்பதற்கு ஊரே சாட்சி. கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வந்தார் என்றுகூட யாரும் குற்றம் சொல்ல முடியாது. இப்படிக் கறைபடாத அமெச்சூரைத் தாம் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை என்றார் தலைவர். சங்கரசுப்பு கரிவலத்தில் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினார் என்று பீர் மைதீன் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

சங்கரசுப்பு அமைதியாகச் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தலைவர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "காசு குடுத்திருக்கான். வாங்கலையே. சட்டம் வாங்கினவனப் பத்திதான் பேசுது" என்றார். 1904-இல் காரில் வந்தவன் டிக்கெட் எடுக்காததுதான் அவன் செய்த தப்பு என்றும் விளக்கினார். தீர்ப்பில் ஸ்டாம்பு விழுந்தது.

நவம்பரில் ஜஸ்டஸ் சார் டெல்லிக்குப் போனார். பெரிய மைதானம், வெளிச்சம், யானைகள், பல நாட்டுக் கொடிகள் எல்லாவற்றையும் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் சங்கரசுப்பு போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். யாராவது ஓட ஆரம்பித்தால் ஜஸ்டஸ் சாரின் கண் தானாக அவர்களின் கையில் கம்பு இருக்கிறதா என்று தேடியது. ஒரு ஓட்டத்தையும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஊருக்கு வந்ததும் கிருபாபாய், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "குளிரு" என்றார்.

"அந்த ஆட்டுக்காரரு வந்துட்டுப் போனாரு. சர்ட்டிபிகேட் ஏதாச்சும் பழசு இருந்தாலும் போதும்னு கேட்டாரு. நீங்க டெல்லிக்குப் போயிருக்கீயன்னு சொன்னேன். அப்படியா, சார் நல்லா பாத்துட்டு வரட்டும்னாரு." அவள் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் முடிந்தது. ஜனவரியில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. 1912-இல் பதக்கம் பறிக்கப்பட்ட அந்த அமெரிக்கனுக்கு அவற்றைத் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம், எழுபது வருஷம் கழித்து. ஆள் செத்து முப்பது வருஷம் ஆகிவிட்டதால் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். ஜஸ்டஸ் சார் பேப்பரை மடித்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடினார். உண்மையிலேயே ஓடினார். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் செய்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்த மாதிரி இருந்தது.

"பாத்தீரா வே, பெரிய எடம்னா பெரிய எடம்தான். தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கிடுதான். நாமளும் ஒத்துக்கிடுவோம். எழுதும்: பெருமாள்சாமியின் வெற்றி மீண்டும் வழங்கப்படும்."

ஜஸ்டஸ் சார் பேனாவைத் திறந்தார். "அண்ணாச்சி, எப்பம் குடுக்கோம்?"

"முன்மாதிரிப்படித்தான். எழுபது வருஷம். ரெண்டாயிரத்து அம்பத்திரண்டு ஆவணி. இதுல அவசரப்பட்டா சர்வதேச விதிக்கு விரோதமாயிரும்." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அன்று சாயங்காலமே ஜஸ்டஸ் சார் ஆங்கிலப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கரிவலத்துக்குப் பஸ் ஏறினார். குளத்துக்கரையில் பெருமாள்சாமி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். ஆடுகள் அவனுடையவை அல்ல. மிச்சம் இருந்ததை விற்றுவிட்டு இப்போது வேறொருவரிடம் கூலிக்கு மேய்க்கிறான். சாரைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கட்டைமேல் விரித்து உட்காரச் சொன்னான்.

தீர்மானத்தைக் கேட்டதும் சிரித்தான். "அப்பம் எனக்கு வயசு நூறு சார். காட்டுல காவலுக்கு நிக்க முடியுமோ என்னமோ."

ஜஸ்டஸ் சார் புத்தகத்தைப் பிரித்து அந்த வரியைத் தமிழில் சொன்னார். ஒரு தடவை சொன்னது போதாதென்று இரண்டாம் தடவையும் சொன்னார். "அன்னைக்கே இத வாசிச்சிருக்கணும். வாசிச்சா என் பதவி போயிரும், டெல்லி போயிரும். அதான் வாசிக்கல. தெரியாம இல்ல பெருமாளு, தெரிஞ்சுதான் விட்டேன்."

பெருமாள்சாமி கரையேறிய ஆடு ஒன்றைச் சத்தம் கொடுத்து இறக்கினான். பிறகு அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"நானும் ஒண்ணு சொல்லணும் சார். தப்பா நெனைக்கப்பிடாது. அந்த ஆட்டுக்குட்டி நான் வாங்கல. அந்தக் கொடையில ஓடினேன், கால்ல முள்ளு குத்தி நடுவுலயே உக்காந்துட்டேன். ஜெயிச்சது வேற ஆளு. நீங்க மூணு மட்டம் கேட்டீய. கட்டம் வெறுமனே இருந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்போலன்னு சொல்லிட்டேன்."

ஜஸ்டஸ் சார் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். "அத விசாரணையில சொல்லியிருக்கலாம்லா. அந்த ஒரு குட்டியாலதான போச்சு."

"நீங்க கையெழுத்துப் போட்டு எழுதினதுல்லா சார். அத்தன பெரிய மனுசங்க முன்ன, சார் எழுதினது பொய்யின்னு நான் எப்படிச் சொல்லுதது? உங்களுக்குல்லா கேவலம்."

புத்தகம் அவர் மடியில் திறந்தபடியே கிடந்தது. அவன் ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவன் திட்டவில்லை, ரோட்டைப் பார்த்தான். ராஜபாளையத்திலிருந்து வரும் பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"கடைசி பஸ்ஸு சார். நீங்க நடந்து வாங்க, நான் நிப்பாட்டுதேன்."

கம்போடு எழுந்து ஓடினான். குளத்துக்கரை, களத்துமேடு, ரோட்டோரப் புளியமரம் எல்லாம் அவனுக்குப் பின்னால் போயின. பழக்கத்தில் ஜஸ்டஸ் சாரின் கை ஓட்டத்துக்கு நேரம் பார்க்கக் கடிகாரத்தைத் திருப்பியது. பாதியில் நிறுத்திக்கொண்டு கையைப் பைக்குள் விட்டார். பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கம்பைக் குறுக்கே நீட்டி நின்றவனைப் பார்த்து டிரைவர் திட்டினார். பெருமாள்சாமி, "சார் வாராவ, கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஜஸ்டஸ் சார் வந்து ஏறும்வரை கம்பை எடுக்கவில்லை.

பஸ் கிளம்பியது. உட்கார இடம் இருந்தது, அவர் நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "எங்க சார்?" என்றார். ஜஸ்டஸ் சார் சங்கரன்கோவில் என்று சொல்லிப் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தார். காசு கொடுப்பதில் தப்பு ஒன்றும் கிடையாது, சங்கத்தின் விதிகளில் அது தெளிவாக இருக்கிறது.